ஏற்காட்டில் சுருளும் பூச்சி: இது எந்த இனம்?

11 ஜூன் 2023: கேள்வி

நாகலூர் பக்கம் எங்க மாமா காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் கட்டை ஒண்ணைப் புரட்டினேன். அடியில ஒரு பூச்சி, தொட்டதும் சுருண்டு உருண்டையாயிடுச்சு. பளபளன்னு பழுப்பு, நெல்லிக்காய் அளவு. பக்கத்துலயே சாம்பல் நிறத்துல பத்துப் பதினைஞ்சு சின்னது. அதுங்களும் சுருளுது, ஆனா மிளகு அளவுக்குத்தான். நெட்ல தேடினா ஆர்மடில்லிடியம் வல்கேர்னு வருது. பெருசு அம்மா, சின்னதெல்லாம் குட்டின்னு நினைக்கிறேன். சரிதானுங்களா? போட்டோ கீழே.

11 ஜூன், இரவு

சரிதான் தம்பி. அதேதான்.

12 ஜூன், விடிகாலை

நேற்று எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கிடக்கட்டும். படுக்கப் போகிற நேரத்தில் போனில் போட்டோவைப் பார்த்துப் பேர் சொன்னால் இப்படித்தான். நெல்லிக்காய் அளவு என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை. ஆர்மடில்லிடியம் வல்கேர் நன்றாக வளர்ந்து சுருண்டாலும் பட்டாணி அளவுதான் வரும்.

ஒன்று செய்யுங்கள். பெரியதை ஒரு கண்ணாடி மேல் விட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அதுவாக விரிந்து நடக்கும். கண்ணாடிக்குக் கீழே இருந்து கால்களை எண்ணுங்கள். 14 வந்தால் நான் சொன்னதில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது.

14 ஜூன்

"முப்பது வரைக்கும் எண்ணினேன் அண்ணா, அதுக்குள்ள நடந்து போயிடுச்சு" என்று பதில். போதும். அது மரவட்டைச் சாதி. தென்னிந்திய மலைகளிலும் இலங்கையிலும் இருக்கிற ஆர்த்ரோஸ்பேரா என்ற பேரினமாக இருக்க வேண்டும். அதற்கு 40க்கு மேல் கால்கள். முதுகு வளையம் ஒன்றுக்கு இரண்டு ஜோடி என்பது மரவட்டைக் கணக்கு. அதன் சொந்தக்காரர்கள் மடகாஸ்கரில் இருக்கிறார்கள், பக்கத்தில் கிடந்த சாம்பல் பொடிசுகள் அல்ல. ஒரே கட்டைக்கு அடியில் குடியிருந்தால் அம்மாவும் பிள்ளையும் ஆகிவிடுமா?

சின்னதுகள்தான் நாம் பேச வேண்டிய ஆள். பூச்சி என்று எழுதிக்கொண்டிருக்கிறோமே தவிர அவை பூச்சியே இல்லை. நண்டு, இறால் இருக்கிற ஓட்டுடலி வகை. ஐசோபோடு. நடுவுடம்பில் 7 வளையம், வளையத்துக்கு ஒரு ஜோடியாக 14 கால். பின்னால் ஒடுக்கமான 5 வளையம், அதற்கும் பின்னால் நடுவில் ஒரு வால்தகடு, அதன் இரு பக்கமும் வால்கால்கள். மரவட்டையின் பின்பக்கம் இதெல்லாம் இல்லாமல் மொத்தமாக ஒரே மூடி, சட்டி கவிழ்த்த மாதிரி. அடுத்த முறை பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். முன்பக்கம் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

19 ஜூன்

தமிழில் இதற்கு என்ன பேர் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மரப்பேன் என்று சிலர் எழுதுகிறார்கள். உட்லவுஸ் (wood louse) என்ற ஆங்கிலத்தை அப்படியே திருப்பிப் போட்டது போலிருக்கிறது எனக்கு. அது பேனே இல்லை. எங்கள் வீட்டில் உருண்டைப் பூச்சி என்போம். உருளாததற்கு? "தொட்டிக்கடியில இருக்குமே, அது." இந்தப் பேருக்கு எந்த ஊரிலும் அர்த்தம் புரியும். மலைக்கிராமத்தில் வயதானவர்களிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் தம்பியிடம்.

25 ஜூன்

நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏற்காடு அடிவாரத்தில் நர்சரி வைத்திருக்கிறேன். விலங்கியல் படித்தது 1990களில். அது இத்தனை நாள் எதற்கும் உதவியதில்லை. வாடிக்கையாளர்கள் தொட்டியைத் தூக்கிப் பார்த்து "இது வேரைத் தின்னுடுமா?" என்று கேட்கிறபோது "இல்லைங்க, மக்கினதைத்தான் தின்னும்" என்று சொல்லிச் சொல்லித்தான் இதில் இறங்கினேன். முழுக்க உண்மையும் இல்லை அது. வேறு தீனி கிடைக்காவிட்டால் இளம் நாற்றைக் கடிக்கும். ஆனால் தொட்டி விற்க வேண்டுமே.

இன்று காலை சாணிக் குவியலில் பார்த்தது. மேல் பொறுக்கைப் பெயர்த்ததும் நூறு நூற்றைம்பது உருப்படிகள் எட்டுத் திசைக்கும் ஓடின. சுருளவே இல்லை. நல்ல வெளிச்சத்தில் நீலம் கலந்த சாம்பல். ஒன்றைப் பிடித்து விரலால் தேய்த்தேன். நிறம் விரலில் ஒட்டிக்கொண்டது, அடியில் செம்பழுப்பு தெரிந்தது. திராட்சைப் பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போல் இருக்குமே, அதே கதைதான். வாட்ச் கடைக்காரர்கள் கண்ணில் செருகுகிற லென்ஸ் ஒன்று என்னிடம் உண்டு. அதில் பார்த்தால் உணர்கொம்பின் கணுக்களில் வெளுப்பு. நடுவுடம்பு முடிந்து பின்பகுதி தொடங்கும் இடத்தில் சட்டென்று இடுப்பு பிடித்த மாதிரி ஒடுக்கம். கடைசியில் இரண்டு வால்கால்கள் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

போர்செல்லியோனிடெஸ் புரூயினோசஸ். 1833இல் பிராண்ட் என்ற விலங்கியலாளர் வைத்த பேர். புரூயினா என்றால் லத்தீனில் உறைபனி. பனி பூத்தவன். இவன் இந்த ஊர்க்காரன் இல்லை, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மனிதனோடு உலகமெல்லாம் போனவன். சாணிக் குவியல் இருக்கிற இடம் எல்லாம் இவனுக்குச் சொந்த ஊர்.

காப்பித் தோட்டத்தில் சுருளாமல் ஓடுகிற சாம்பல் ஒன்றும் உண்டு, இடுப்பு பிடித்தது. அதுவும் இவனேதான்.

9 ஜூலை

வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். 20 கொண்டை ஊசி வளைவு, பத்தாவதில் மூடுபனி. தம்பி காட்டிய அதே கட்டையைப் புரட்டினோம். பொடிசுகள் இருந்தன. ஐந்தைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டேன். வீட்டில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மனைவி, "கொலுசுப் பட்டறையில சேர்ந்துட்டீங்களா?" என்றாள்.

பார்க்க வேண்டிய இடம் வால் ஒன்றுதான். ஆர்மடில்லிடியத்தில் வால்தகடு முனை வெட்டிய முக்கோணம். அதன் பக்கத்து இடைவெளியை வால்காலின் வெளிக்கிளை தட்டையாக அகன்று நிரப்பும். என் கையில் இருந்ததில் வால்தகடு நடுவில் குறுகி மேலும் கீழும் விரிந்திருந்தது, உடுக்கை மாதிரி. பக்கத்தை நிரப்பியது வால்காலின் அடித்தண்டு. வெளிக்கிளையோ அதன் உள்விளிம்பில் ஒட்டிக்கிடந்த ஒரு துணுக்கு. தூசி என்று ஊதிப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம்தான் அது உறுப்பு என்று புரிந்தது.

ஆகவே ஆர்மடில்லிடே குடும்பம். ஆர்மடில்லிடியிடே அல்ல. பேரைப் பார்த்தால் எழுத்துப்பிழை போலத் தெரியும், இரண்டும் வேறு குடும்பம். இரண்டாவது மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு உரியது, முதலாவது வெப்பநாடுகளில் ஏராளம். உருளுகிற வித்தையை இரண்டும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டவை, மரவட்டை மூன்றாவதாக. நெட் ஏன் எல்லாவற்றையும் வல்கேர் என்கிறது? குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்தில் இருப்பதைத்தான் லட்சக்கணக்கில் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சுருண்டால் வல்கேர் என்று அதற்குப் பழகிவிட்டது.

பேரினம்? கியூபாரிஸ் என்று சொல்ல வாய் வருகிறது. வெப்பநாடுகளில் பரவலாக இருக்கிற கியூபாரிஸ் முரினாவுக்கும் உடுக்கை வால்தான், நிறமும் எலிச் சாம்பல். முரினா என்றாலே எலி நிறம். இதற்கும் 1833இல் பேர் வைத்தவர் அதே பிராண்ட். ஆனால் கியூபாரிஸ் ஒரு மூட்டை. எங்கே வைப்பது என்று தெரியாத உருளைகளை எல்லாம் பல காலமாக அதில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நானும் ஒன்றைத் திணிக்க வேண்டாம். ஆர்மடில்லிடே, அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

10 ஜூலை

அம்மாபேட்டை அக்கா ஒருவர் மாடித்தோட்டத்திலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். முன்பாதி சாம்பல், பின்பாதி சுண்ணாம்பு வெள்ளை, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. "புது இனம்னா எம்பேரை வைப்பாங்களா?"

அக்கா, அது சட்டை மாற்றுகிறது. பூச்சிகள் மொத்தமாக உரிக்கும், இவை இரண்டு தவணையில். முதலில் பின்பாதி, ஒன்றிரண்டு நாள் கழித்து முன்பாதி. உரிந்த தோலைத் தானே தின்றுவிடும், சுண்ணாம்புச் சத்து வீணாகக் கூடாது என்று. புதன்கிழமை பாருங்கள், பழைய ஆளாக இருக்கும்.

13 ஜூலை

பழைய ஆளாகிவிட்டதாம். அக்காவுக்கு வருத்தம்.

23 ஜூலை

இனம் வரை போக வேண்டும் என்றால் உயிரோடு பார்த்தால் போதாது, சாராயத்தில் போட வேண்டும். 70 சதவீதம் எத்தனால். டாஸ்மாக்கில் வாங்கிக்கொள்ளலாமே என்று எழுதியவருக்கு: அது 42.8 சதவீதம், உடல் நொந்துவிடும். பூச்சிக்குச் சொன்னேன்.

நான் மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி, ஊசிமருந்துக் குப்பிகளைக் கழுவி, நாகலூர், மஞ்சக்குட்டை, என் சாணிக் குவியல் என்று மூன்று இடத்து உருப்படிகளையும் தனித்தனியாகப் போட்டேன். உள்ளே துண்டுச்சீட்டு, பால்பாயிண்ட் பேனாவில் இடமும் தேதியும். இன்று திறந்தால் மூன்று வெள்ளைச் சீட்டு, மூன்று குப்பியிலும் இளநீல ஸ்பிரிட். மை மொத்தமும் கரைந்திருக்கிறது. சாணிக் குவியல்காரன் எது என்று தெரிகிறது. மற்ற இரண்டில் எது நாகலூர், எது மஞ்சக்குட்டை? கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு மாத அலைச்சல், போக வர பெட்ரோல்.

பென்சிலில் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று நான் வந்திருந்தேன், வருகைப்பதிவேட்டில் இருக்கும்.

24 ஜூலை

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் சொன்ன உபாயம், நன்றாக வேலை செய்கிறது. கொரோனாவில் வாங்கி மிச்சம் கிடக்கிற நிறமில்லாத சானிடைசர் ஜெல்லைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, செத்த உருப்படியை அதில் அமுக்கினால் நாம் வைத்த கோணத்திலேயே நிற்கும். மல்லாக்க வைத்து வயிற்றைப் படம் எடுக்கலாம். குமிழி மட்டும் வராமல் ஊற்ற வேண்டும்.

6 ஆகஸ்ட்

25 ஜூனில் கடைசியாக எழுதிய வரிகளை வாபஸ் வாங்குகிறேன். தோட்டத்தில் ஓடுகிற சாம்பலும் புரூயினோசஸ்தான் என்று அடித்துச் சொன்னேனே, அது தப்பு. ஆசிரியர் சார் அப்போதே, "உணர்கொம்பு நுனியை எண்ணினீர்களா?" என்று கேட்டிருந்தார். இடுப்பைப் பார்த்தேன் சார், போதும் என்றேன். திமிர்தான்.

எண்ணினேன். கொம்பின் நுனிச் சாட்டையில் புரூயினோசஸுக்கு 2 கணு. தோட்டத்துக்காரனுக்கு 3. இரண்டுக்கும் இடுப்பு ஒன்றுதான், ஓட்டமும் ஒன்றுதான், குடும்பம் வேறு. பிறகு மல்லாக்கப் போட்டுப் பார்த்தேன். புரூயினோசஸின் வயிற்றுப் பின்பகுதியில் இரண்டு ஜோடி வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். அவைதான் காற்றை மூச்சிழுக்கிற நுரையீரல். இறாலின் நீச்சல்கால் இருக்கிற இடத்தில் நிலத்துக்கு வந்தவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. சிலவற்றுக்கு அது ஐந்து ஜோடி. தோட்டத்துக்காரனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதனால்தான் அவன் ஈரம் காயாத சருகை விட்டு வெளியே வருவதில்லை, சாணிக் குவியல்காரன் வறண்ட தொட்டி விளிம்பிலும் நடமாடுகிறான் என்று எனக்குப் படுகிறது.

மூன்று கணு, இடுப்பு, வழவழப்பான முதுகு, நீண்ட கால், நுரையீரல் இல்லை. ஃபிலோசியிடே என்று வைத்திருக்கிறேன். வெப்பநாட்டுச் சருகில் ஓடுகிறவர்களில் பெரும்பகுதி இந்தக் கூட்டம்தான்.

ஹெல்முட் ஷ்மால்ஃபுஸ் என்ற ஜெர்மானியர் 1984இல் இவற்றை உடல்வாகு வைத்துப் பிரித்தார். ஓடுகிறவை, தரையோடு ஒட்டிக்கொள்கிறவை, உருளுகிறவை, முள் உள்ளவை, மண்ணுக்குள் ஊர்கிறவை, எதிலும் சேராதவை. பிழைக்கிற வழியைப் பற்றிய பிரிவு இது, பரம்பரையைப் பற்றியது அல்ல. நான் இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்பினேன். ஓடினால் ஓடுகிறவன், அவ்வளவே. யார் மகன் என்று கொம்பைக் கேட்க வேண்டும்.

7 ஆகஸ்ட்

"அப்ப போட்டோ போட்டுப் பேர் கேக்கவே கூடாதா அண்ணா?" கேளுங்கள் தம்பி. முதுகு, மல்லாந்த வயிறு, வால், கொம்பு என்று நாலு படம், எந்த இடம், எதற்கு அடியில் என்ற விவரத்தோடு. குடும்பம் வரை சொல்லப் பார்க்கிறேன். உலகத்தில் பேர் வைக்கப்பட்டவை மட்டுமே 3,700க்கு மேல். பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தால் பாதிப் பேரை வெளியே அனுப்பிவிடலாம்.

20 ஆகஸ்ட்

ஆண் வேண்டும். இந்தக் குலத்தில் இனத்தை முடிவு செய்வது பெரும்பாலும் ஆணின் முதல் இரண்டு ஜோடி நீச்சல்கால்களின் வடிவம். அவற்றைப் பிரித்து, கண்ணாடி வில்லையில் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பல நேரம் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆணைக் கண்டுபிடிப்பது சுலபம். மல்லாக்கப் போட்டால் பின்வயிற்றின் நடுக்கோட்டில் இரண்டு ஊசி சேர்த்து வைத்த மாதிரி நீண்டிருக்கும். பெண் முட்டையோடு இருந்தால் கால்களுக்கு நடுவே மஞ்சள் வெள்ளையில் பை உப்பியிருக்கும். ஆண் இருந்தால் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் சிக்கல். சாணிக் குவியலில் 40 எடுத்தேன், ஆண் 6. தோட்டத்து ஓடிகள் 11, ஆண் சுழியம்.

ஆசிரியர் சார் சொன்னது: வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா, தாய் வழியாக முட்டையில் போகும். ஆணாக வேண்டியதைப் பெண்ணாக மாற்றிவிடும். ஆர்மடில்லிடியம் வல்கேரில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம், புரூயினோசஸிலும் உண்டு. தனக்குப் பரவ முட்டைதானே வேண்டும், ஆணால் அதற்கு என்ன லாபம்? வெப்பநாடெங்கும் பரவிய நாகுரஸ் கிரிஸ்டாட்டஸ் என்ற இனமோ ஆணே இல்லாமல் பெருகுகிறது. ஒரே ஒரு பெண் ஒரு தொட்டி மண்ணோடு கப்பலேறினால் போதும், அடுத்த துறைமுகத்தில் ஊரே உருவாகிவிடும்.

தொட்டி மண் என்றதும் நர்சரிக்காரனுக்கு உறுத்துகிறது. ஏற்காட்டுக்குக் காப்பி வந்து 200 வருடம் ஆகிறது, கலெக்டர் காக்பர்ன் காலம். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். எத்தனை நாற்றுக்கூடை, எத்தனை மண்ணுருண்டை மலை ஏறியிருக்கும்! நானே வாரம் ஒரு லோடு அனுப்புகிறேன். தோட்டத்தில் கண்டதை எல்லாம் சேர்வராயன் மலையின் சொந்தப் பிள்ளை என்று எழுதக் கூடாது. கோயில்காட்டுச் சருகிலும் தோட்டத்துச் சருகிலும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிட்டால்தான் யார் வந்தேறி என்று லேசாகத் தெரியவரும்.

3 செப்டம்பர்

தாய்லாந்து கியூபாரிஸ் ஒன்று, வாத்து முகத்தோடு இருப்பது, வளர்ப்புக்காக வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போகிறதாம், நம் உருண்டையையும் அனுப்பலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்குப் பொதுவிலேயே பதில். கூடாது. 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இருக்கிறது. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கட்டையைப் புரட்டுவதே வம்பு. அது போக நம்முடையது எலி நிறம். யார் வாங்குவார்கள்?

17 செப்டம்பர்

ராத்திரி 11 மணிக்குக் கை நடுங்கிவிட்டது. ஓடிகளை வைத்த டப்பாவில் அரிசிக் குறுணையை விடச் சின்னதாக, பால் வெள்ளையில் ஏழெட்டு. லென்ஸில் பார்த்தால் 12 கால். திரும்பவும் எண்ணினேன், 12. இன்னொன்றிலும் 12. ஆறே ஜோடியோடு ஓர் இனம்! சாருக்கு அந்நேரத்துக்குப் போன் செய்தேன்.

"குட்டிப்பா" என்றார். "பைக்குள்ள இருந்து வெளிய வர்றப்ப ஆறு ஜோடிதான், ஏழாவது அப்புறம் முளைக்கும். போய்த் தூங்கு."

அம்மாபேட்டை அக்காவிடம் நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

8 அக்டோபர்

தம்பி மலைக்கிராமத்தில் விசாரித்துவிட்டார். நான்கு பெரியவர்கள். மரவட்டைக்கு உடனே பேர் வந்ததாம். சின்னதைக் காட்டினால் மூன்று பேர் "பூச்சி" என்றார்கள். நாலாவது பாட்டி உள்ளங்கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, "இதுக்கெல்லாமா பேரு வைப்பாங்க?" என்றாராம்.

22 அக்டோபர்

வால்டர் காலிஞ்ச் என்ற ஆங்கிலேயர் 1915இல் சென்னை, தென்னிந்தியப் பகுதி ஐசோபோடுகளுக்குப் பேர் வைத்து இந்தியன் மியூசியத்தின் வெளியீட்டில் எழுதினார். நம் பக்கத்தில் பேர் உள்ளவற்றில் பல அந்தக் காலத்தவை. நூறு வருடத்துக்கு முன் எழுதிய வர்ணனையில் "பழுப்பு, வழவழப்பு" என்று இருந்தால் நம் கையில் இருப்பது அதுவா இல்லையா என்று எப்படிச் சொல்வது? அந்தப் பழைய மாதிரியை எடுத்து, இதன் ஆணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் ஆண்.

கிடைத்துவிட்டது. நேற்று மழை விட்டதும் மேலே போனேன், அதே கட்டை. இந்த முறை பென்சில். சீட்டில் எழுதியது இது: "ஃபிலோசியிடே. பேரினம் இல்லை, இனம் இல்லை. நாகலூர், காப்பித் தோட்டம், சில்வர் ஓக் கட்டை அடி. 21.10.2023. பெண் 4, ஆண் 1."

இன்று ராத்திரி முதல் நீச்சல்காலைப் பிரித்து வில்லையில் வைக்கிறேன்.

23 அக்டோபர்

தும்மிவிட்டேன். சீட்டில் ஆண் 1 என்பதை அடித்திருக்கிறேன். விளக்குமாற்றை எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் டார்ச்சோடு இருக்கிறேன். தம்பி, ஞாயிறு காலை ஊரில் இருப்பீர்களா?